எல்லாச் சாவுக்கும் மாரடைப்பு என்று பேர் வைக்கலாமா?

என் சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பட்டாபிராம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஓடி ஏறினார். மேல் படியில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். கை கால் இழுத்ததைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை. வயது 36. பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது. ஆளும் ஒல்லி.

சீட்டில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், பையனை அறுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டது நாங்கள்தான். அதனால் அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாவு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நைட் ஷிப்டு என்றார் ஒருவர். பிராய்லர் கோழி என்றார் இன்னொருவர். வீட்டுக் கடன் என்றார்கள், கண் திருஷ்டி என்றார்கள். அத்தை மட்டும் மாரில் அடித்துக்கொண்டு "அப்பா போன மாதிரியே நீயும் போயிட்டியேடா" என்று அழுதார். செய்யாறு பக்கம் கிராமத்தில் இருந்த எங்கள் தாத்தா, 41 வயதில் நெல் மூட்டை தூக்கும்போது விழுந்து இறந்தவர். ஊரில் அதற்குக் காத்து கருப்பு என்று பேர்.

இப்போது நினைத்தால் ஒன்று உறைக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் மருத்துவ ரீதியாகச் சரியாகப் பேசியது அத்தை ஒருத்தர்தான். ஆனால் ஒப்பாரியை எந்த டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார்?

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். இதயத் தசை நோய், டாக்டர்கள் பாஷையில் கார்டியோமயோபதி. நான் மருத்துவம் படிக்கவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறேன். அதனால் எனக்கு எதையும் பம்பு வைத்துத்தான் புரிந்துகொள்ள வரும். எம்.பி.பி.எஸ். நண்பர்கள் மன்னிக்கவும் :-)

வீட்டில் மோட்டார் போட்டால் மேலே தண்ணீர் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் அடைத்திருக்கலாம். வயரிங் போயிருக்கலாம். அல்லது பம்பே உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கலாம். குடத்தோடு நிற்கும் நமக்கு மூன்றும் ஒன்றுதான். மெக்கானிக்குக்கு மூன்றும் வேறு வேறு வேலை.

இதயமும் அப்படித்தான். இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைத்துக்கொண்டால் அது மாரடைப்பு. துடிப்பைக் கிளப்பும் மின்சாரம் தாறுமாறாகி இதயம் நின்றுபோனால் அது கார்டியாக் அரெஸ்ட். குழாய் சுத்தமாக இருந்தும் தசையே கெட்டுப்போவதுதான் கார்டியோமயோபதி. ஒன்று இன்னொன்றில் போய் முடியலாம். கெட்ட தசை மின்சாரத்தைக் குழப்பி ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்க்கலாம். பேப்பரில் அதுவும் "மாரடைப்பால் மரணம்" என்றுதான் வரும்.

பேர் மாறினால் என்ன, செத்தவர் திரும்பி வரவா போகிறார் என்று கேட்கலாம். வர மாட்டார். ஆனால் குழாய் அடைப்பு பெரும்பாலும் சிகரெட், சர்க்கரை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு சம்பந்தப்பட்டது. செத்தவரோடு கணக்கு முடிந்தது என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. தசை நோயில் பல வகை பரம்பரையாக வருவது. செத்தவரின் பிள்ளைக்கும் அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் அன்றுதான் கணக்கே ஆரம்பிக்கிறது.

சரி, வகைகளைப் பார்ப்போம்.

அதிகம் கேள்விப்படுவது இதயம் பலூன் மாதிரி ஊதிப்போகும் வகை. டைலேட்டட் என்பார்கள். அறை பெரிதாகும், சுவர் பலவீனமாகும், அழுத்தித் தள்ள முடியாது. படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், ராத்திரி தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும். காரணம் ஒன்று இரண்டல்ல. ஜீன் குறைபாடாக இருக்கலாம், வைரஸ் காய்ச்சல் தசையைத் தாக்கியதாக இருக்கலாம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்ஸோரூபிசின் போன்ற சில மருந்துகளாலும் வரலாம். பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து பிறகு ஐந்து மாதம் வரை சில பெண்களுக்கு வருவது தனி வகை. இதில்தான் எனக்குக் கோபமே வரும். பிள்ளை பெற்றவள் மூச்சு வாங்குகிறது என்றால் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். கால் வீக்கத்துக்கும் அதே பதில். முக்கால்வாசி நேரம் அந்தப் பதில் சரியாகவும் இருந்துவிடுகிறது. மீதி நேரத்தில்தான் ஆபத்து.

அடுத்த காரணம் குடி. வருஷக்கணக்காக அதிகம் குடித்தால் ஈரல் மட்டும்தான் போகும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஏரியாவில் நிறைய. இதயத் தசையும் போகும். சீக்கிரம் நிறுத்தினால் கொஞ்சமாவது தேற வாய்ப்புண்டு. 1965-66-ல் கனடாவின் கியூபெக் நகரத்தில் ஒரு விநோதம் நடந்தது. பீரில் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்பு சேர்த்தார்கள். அதை நிறையக் குடித்தவர்களில் ஐம்பது பேர் அளவுக்கு இதயத் தசை கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், 20 பேர் இறந்துபோனார்கள். கோபால்ட்டை நிறுத்தியதும் புது கேஸ் வருவதும் நின்றது. நுரைக்காக!

இந்த வகை ரொம்ப முற்றினால் மாற்று இதயம்தான் வழி. அந்தக் கதையில் எங்கள் பக்கத்து முகப்பேருக்கும் ஓர் இடம் உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவன் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அப்போலோவிலிருந்து அவன் இதயம், போலீஸ் வழியெல்லாம் டிராபிக்கை ஒதுக்கிக் கொடுக்க, முகப்பேரில் டாக்டர் கே.எம். செரியனின் ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனைக்கு நிமிடக் கணக்கில் வந்து 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்ற பேச்சு வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது வரை அந்தப் பேச்சு வளர்ந்திருக்கிறது. செரியன் 2025 ஜனவரியில் காலமானார்.

இன்னொரு வகையில் சுவர் விறைத்துவிடும். தள்ளும் சக்தி ஓரளவு இருக்கும், ஆனால் விரிந்து கொடுத்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாது. ரெஸ்ட்ரிக்டிவ் என்பார்கள். இதில் ஒன்று நம் பக்கத்து வீட்டுக் கதை. கேரளாவில் ஒரு காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதயத்தின் உள்சுவர் தழும்பேறி விறைத்துப்போகும் நோய் நிறைய வந்தது. அதே நோய் ஆப்பிரிக்காவில் உகாண்டாவிலும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் குழு இதை விடாமல் துருவியது. கடற்கரை மோனசைட் மணலில் இருக்கும் சீரியம் என்ற தனிமம் மரவள்ளிக்கிழங்கு வழியாக உடம்புக்குள் போகிறது, மெக்னீசியம் குறைவான உடம்பில் அது தசையைக் கெடுக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. முடிவாக நிரூபணமாகவில்லை. ஆனால் சாப்பாடும் வசதியும் மேம்பட மேம்பட அங்கே அந்த நோய் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வறுமை இதயத்தின் சுவர் வரைக்கும் போய்த் தழும்பு போடும் என்று பாடப்புத்தகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தசை இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து, தாளம் தப்பவைக்கும் வகையும் இருக்கிறது. கிரேக்கத்தில் நாக்ஸோஸ் தீவில் சில குடும்பங்களில் சுருட்டை முடியும் தடித்த உள்ளங்கையும் இந்த இதயமும் சேர்ந்தே வருவதைக் கண்டுபிடித்தார்கள். பெரும் துக்கம், அதிர்ச்சிக்குப் பிறகு இதயம் தற்காலிகமாக ஊதிப்போகும் வகைக்கு 1990-ல் ஜப்பானியர்கள் டகோட்சுபோ என்று பேர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானை என்று அர்த்தம். ஸ்கேனில் இதயம் அந்தப் பானை மாதிரி தெரியுமாம். "நெஞ்சு வெடிச்சு செத்தான்" என்று நம் பாட்டிகள் சொன்னதைக் கிண்டல் செய்திருக்கிறேன். வாபஸ்.

இப்போது எங்கள் வீட்டுக்காரனுக்கு வருகிறேன். ஹைபர்டிராபிக், அதாவது சுவர் தடித்துப்போகும் வகை. சாதாரணமாக இதயத்தின் முக்கிய அறைச் சுவர் ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். ரத்தக் கொதிப்பு போன்ற வேறு காரணம் இல்லாமல் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ போனால் இந்தச் சந்தேகம் வரும். தசை தடித்தால் பலம்தானே என்று தோன்றும். பம்பு உடம்பு தடித்து உள்ளே இடம் குறைந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அதோடு தசை இழைகள் ஒழுங்கில்லாமல் கோணல்மாணலாகப் பின்னிக் கிடக்கும். அங்கிருந்துதான் மின்சாரக் குழப்பம் கிளம்பும்.

இது அபூர்வ நோயும் இல்லை. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது 1995-லிருந்து சொல்லப்படும் கணக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இந்த ஜீன் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நிறையப் பேர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முழு ஆயுசும் வாழ்ந்துவிடுகிறார்கள். சிலர் மைதானத்தில் விழுகிறார்கள். 2003 ஜூனில் பிரான்ஸில் ஆடிக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இருந்ததும் இதுதான். அவருக்குப் பிரேதப் பரிசோதனை செய்ததால் நமக்குத் தெரியும். இந்த நோயே வெளிச்சத்துக்கு வந்தது பிரேத அறையிலிருந்துதான். 1958-ல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற நோயியல் டாக்டர், இளம் வயதில் திடீரென்று இறந்த சிலரின் இதயங்களை அறுத்துப் பார்த்து, சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருப்பதை எழுதினார். அங்கேயும் வீட்டார் அறுக்க வேண்டாம் என்று கும்பிட்டிருந்தால்?

நம் ஊர் ஜீனைப் பற்றியும் ஒரு சேதி. 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் ஆகியோர் இருந்த குழு நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் ஒன்றை வெளியிட்டது. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத் தசை ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்றார்கள். ஐம்பது பேர் வகுப்பு என்றால் இரண்டு பேர். உடனே பக்கத்து பெஞ்சைப் பார்க்காதீர்கள். அந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. அதோடு சேர்ந்து வரும் வேறொரு மாற்றம்தான் நிஜக் குற்றவாளியாக இருக்கலாம் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. வாட்ஸப்பில் பாதி சேதியை மட்டும் அனுப்பிப் பயமுறுத்த வேண்டாம்.

வாட்ஸப் என்றதும் ஞாபகம் வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு இளவயதுச் சாவு எதுவென்றாலும் தடுப்பூசி மேல் பழி போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. இதை ஒழுங்காக ஆராய்ந்த இடம் எங்கோ டெல்லியில் இல்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். அதன் முன்னால் நூறு முறை ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறேன், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரை, உயிரோடு இருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை வேறு. முந்தைய இரண்டு நாளில் மொடாக்குடி குடித்தது, சுமார் ஐந்து மடங்கு. கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, கிட்டத்தட்ட நாலு மடங்கு. உடம்பை வருத்தும் கடும் உழைப்பும் அதே அளவுதான். அப்புறம், குடும்பத்தில் ஏற்கெனவே யாராவது திடீரென்று இறந்திருப்பது, இரண்டரை மடங்கு.

கடைசி வரியைப் படித்தபோது அத்தையின் குரல்தான் காதில் கேட்டது.

சித்தப்பா பையனுக்கு அவர் போனபோது 12 வயது. அவனுக்கு போலீஸ் ஆசை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஆவடியில் விடியற்காலையில் எந்த மைதானத்தைப் பார்த்தாலும் இதற்காக ஓடும் பையன்கள் இருப்பார்கள். இவனும் ஓடினான். போன வருஷம் ஒரு நாள் மூன்றாவது ரவுண்டில் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டான். வெறும் வயிற்றில் ஓடியதுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் குளுகோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுபடி ஓடினான், மறுபடி விழுந்தான். இரண்டாவது முறை போன இடத்தில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. "வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. சித்தி அழ ஆரம்பித்துவிட்டார்.

எக்கோவில் சுவர் 22 மில்லிமீட்டர். பிறகு நாங்கள் எல்லோரும் வரிசையாக எடுத்தோம். அத்தைக்கு லேசாக இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். அப்பாவுக்கும் எனக்கும் இல்லை. டாக்டர் நார்மல் என்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை அவன் எதிரில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே பெஞ்சில் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஓடக் கூடாதாம்ணா" என்றான்.

என் கருத்து இதுதான். ஊரில் எல்லோருக்கும் எக்கோ எடு என்று நான் சொல்லவில்லை. இத்தாலியில் 1982-லிருந்து போட்டி விளையாட்டில் இறங்கும் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் சுமார் 25 வருஷத்தில் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் ஒன்றும் இல்லாதவனைச் சந்தேகப்பட்டு அலைக்கழிப்பதும் அதில் உண்டு என்று பல நாடுகள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் நியாயம்தான். கேள்வி கேட்பதற்கு என்ன தயக்கம்? ஓடும்போது மயக்கம் வந்திருக்கிறதா, நெஞ்சு வலித்திருக்கிறதா, குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று போயிருக்கிறார்களா? காசு இல்லை, மிஷின் இல்லை. ஆம் என்று வந்தால் மட்டும் ஈ.சி.ஜி., எக்கோ. கல்லூரி ஸ்போர்ட்ஸ் டே, போலீஸ் செலக்‌ஷன் பயிற்சி மையம், ஜிம் எல்லா இடத்திலும் பேர் எழுதும்போதே இதைக் கேட்கலாம். எங்கள் கல்லூரியில் கேட்பது ஷூ சைஸ்.

அதே மாதிரி, இளவயதில் ஒருவர் திடீரென்று இறந்தால் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று கெஞ்சாதீர்கள். அது பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் கடைசி மருத்துவச் சீட்டு. அதையும் செய்ய மனசு வராவிட்டால், பதினாறாம் நாள் காரியத்துக்குள்ளாவது கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள். இன்றைக்கு நார்மல் என்று வந்தாலும் சில வருஷத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும், இந்த நோய் வயது ஏறிய பிறகும் தலை காட்டும். ஸ்டேஷனில் யாராவது விழுந்து மூச்சு பேச்சு இல்லாமல் கிடந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் அமுக்குங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை.

தம்பிக்கு இப்போது மாத்திரை போகிறது. நெஞ்சுக்குள் ஷாக் கொடுக்கும் கருவி வைப்பதா வேண்டாமா என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது லட்சக்கணக்கில் ஆகும் சமாச்சாரம். குரூப் 4-க்குப் படிக்கிறான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழும் பழக்கம் போகவில்லை. மைதானத்துக்குப் போகிறான். ஓடுகிறவர்களுக்கு ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறான். புதுப் பையன் யாராவது வந்தால் நோட்டில் பேர் எழுதுவதற்கு முன்னால், "உங்க அப்பா இருக்காரா? தாத்தா எப்படி செத்தாரு?" என்று கேட்கிறானாம். காலங்காத்தால என்னடா அபசகுனமாகக் கேட்கிறான் என்று போன வாரம் ஒருத்தன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.